இத்தாலியிலிருந்து வந்த இனிஷியல்

நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முதல் சில நாட்களில் ஒரு பொழுதுபோக்கு தானாகவே வாய்த்துவிடும். வெயில் தாழ்ந்த பிறகு, மர நிழலில் காலாற நடந்துகொண்டே, வீட்டு வாசல்களில் இருக்கும் பெயர்ப் பலகைகளைப் படிப்பதுதான் அது. குவார்ட்டர்ஸ் வீடுகள் ஒரே அச்சில் வார்த்த இட்லி மாதிரி இருக்கும். எந்த வீட்டில் யார் என்று அடையாளம் சொல்வது அந்தப் பலகை ஒன்றே.

1956-ஆம் வருஷம் நவம்பர் மாதம் பழுப்பு நிலக்கரிக் கம்பெனி ஆரம்பமான நாள் தொட்டு, இந்த ஊருக்குத் தேசத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் மனிதர்கள் வந்திருக்கிறார்கள். ஆகவே பலகைகளும் பல தினுசு. வடக்கத்தியார் பலகையில் பெயர் முன்னே, குடும்பப் பெயர் பின்னே. ஆந்திராக்காரர் பலகையில் முதலில் ஓர் எழுத்து இருக்கும். தகப்பனார் பெயராக்கும் என்று நாம் நினைத்துக்கொள்வோம். இல்லை, அது அவர்களுடைய 'இன்டி பேரு', அதாவது வீட்டுப் பெயரின் தலையெழுத்து. மலையாளத்துக்காரர் சிலருடைய எழுத்துக்குள் ஒரு தறவாடே அடங்கியிருக்கும். தமிழருடைய எழுத்துக்குள் இருப்பவர் பெரும்பாலும் அப்பா ஒருவர்தான். பழைய வழக்கப்படி இரண்டு எழுத்து இருந்தால், முன்னது ஊர், பின்னது அப்பா. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு இடம் பெயர்ந்த கிராமங்கள் இந்த வட்டாரத்தில் பல உண்டு. அப்படிப்பட்ட ஊர்க்காரர் ஒருவர் தம் பெயருக்கு முன்னால் இன்னமும் ஊரின் எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தால், ஊர் இருந்த இடம் பள்ளமாகிப் போனாலும் எழுத்து மாத்திரம் அவர் கையெழுத்தில் குடியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பெயர் விசாரத்தை இந்த வாரம் கிளப்பிவிட்டவர்கள் எங்கள் எதிர் வீட்டுக்காரர்கள். அங்கே போன மாதம் ஒரு பேரன் பிறந்தான். கிறிஸ்தவக் குடும்பம், ஞானஸ்நானத்துக்கு முன்னால் பெயர் முடிவாக வேண்டும். பாட்டியம்மாளுக்குப் பிறந்த ஊர் விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பம் பக்கம். குழந்தைக்குப் 'பெஸ்கி' என்றுதான் வைக்க வேண்டும் என்று அவர் ஒரே பிடிவாதம். மருமகள் படித்த பெண். கையில் செல்போன் இருக்கும்போது எதையும் தேடிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளுகிற வயதா அது?

"அத்தை, அது ஆள் பெயரே இல்லை. இத்தாலியிலே ஒரு குடும்பத்தோட பெயராம். யார் வீட்டுக் குடும்பப் பெயரையோ நம்ம பிள்ளைக்கு எதுக்கு வைக்கணும்?"

"யார் வீட்டுப் பெயரா? எங்க ஊர்ப் பக்கம் வந்து பாரு. எத்தனை பெஸ்கி இருக்கான். அத்தனை பேரும் இத்தாலியிலேருந்தா வந்தானுங்க?"

வழக்கு என்னிடம் வந்தது. பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று பாவம், அவர்களுக்கு ஒரு நம்பிக்கை! நான் சொன்ன தீர்ப்பு இரண்டு பேருக்குமே திருப்தி தரவில்லை. "இருவர் சொல்வதும் சரி" என்றேன். அதன் விவரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பெஸ்கி என்றால் யார் என்பதில் சந்தேகம் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் நாம் வீரமாமுனிவர் என்று படித்தோமே, அவர்தான். 'தேம்பாவணி' பாடியவர், 'சதுரகராதி' தொகுத்தவர். அதெல்லாம் மறந்து போயிருந்தாலும், 'பரமார்த்த குருவின் கதை' மறந்திருக்காது. ஆற்றைக் கடந்த பிறகு ஆளை எண்ணிப் பார்த்து, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று ஒப்பாரி வைத்தார்களே மட்டியும் மடையனும், அவர்களை நமக்குக் கொடுத்த புண்ணியவான்.

அவர் பிறந்தது 1680-ஆம் வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி, வட இத்தாலியில் மாண்டுவா நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூரில். அந்த ஊரின் பெயரை இத்தாலியர்கள் 'காஸ்தில்யோனே' என்று சொல்லுவார்கள். நம் பாடப் புத்தகங்களில் அது 'காஸ்திக்கிளியோன்' என்று ஆகி, நடுவில் ஒரு கிளி வந்து உட்கார்ந்துகொண்டது. போகட்டும், கிளி அழகாகத்தான் இருக்கிறது.

பெஸ்கிக்கு மட்டும் சொந்தமான ஊர் அல்ல அது. நம்முடைய கிறிஸ்தவ வீடுகளில் அலாய்சியஸ் என்று பெயர் வைக்கிறார்களே, அந்த அலாய்சியஸ் கொன்சாகா பிறந்ததும் அங்கேதான். இன்னொரு சங்கதி, பெண்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1859-ஆம் வருஷம் ஜூன் மாதம் பக்கத்தில் சோல்பெரினோ என்ற இடத்தில் ஒரு பெரிய யுத்தம் நடந்தது. பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் ஒரு பக்கம்; ஆஸ்திரியர்கள் மறு பக்கம். காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் காஸ்தில்யோனேயில் வந்து குவிந்தார்கள். கோயிலிலும் தெருவிலும் வைக்கோலைப் பரப்பி அவர்களைப் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்து, கட்டுப் போட்டவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். நம்மவன், எதிரி என்று அவர்கள் பேதம் பார்க்கவில்லை. எல்லோரும் உடன்பிறந்தவர்களே என்று சொல்லிக்கொண்டே வேலை செய்தார்களாம். வியாபார காரியமாக அந்தப் பக்கம் வந்திருந்த ஹென்றி தூனான் என்ற சுவிட்ஸர்லாந்துக்காரர் அதைப் பார்த்தார். தாமும் கூட இருந்து உழைத்தார். அந்த நினைவிலிருந்து பிறந்ததுதான் செஞ்சிலுவைச் சங்கம். தூனானுக்கு 1901-இல் உலகத்தின் முதல் நோபல் சமாதானப் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தப் பெண்கள் பெரும்பாலோரின் பெயர் வெளியே தெரியவில்லை. பெயர் பற்றிய கட்டுரையில் இதையும் ஒரு பக்கமாகச் சொல்லி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பெஸ்கி என்பது இத்தாலியில் மலிந்து கிடக்கும் பெயர் அல்ல. ரோஸ்ஸி என்றால் தடுக்கி விழுந்த இடமெல்லாம் இருப்பார்கள், பெஸ்கி அப்படியில்லை. மாண்டுவா, அதை அடுத்த பிரெஷா ஆகிய இரண்டு வட்டாரங்கள்தான் அந்தப் பெயருக்குத் தாய்வீடு. இன்றைக்கும் அந்தப் பக்கத்துக்காரர்களிடம் அது இருக்கிறது. 2020-ஆம் வருஷம் கொரோனா நோய் இத்தாலியில் பரவியபோது, பெர்கமோ என்ற நகரம் பட்ட பாட்டைச் செய்திகளில் பார்த்து நாம் கண் கலங்கினோம் அல்லவா? அந்த நகரத்தின் ஆயராக அப்போது இருந்தவர் பிரான்செஸ்கோ பெஸ்கி. பிரெஷாவில் பிறந்தவர். நம் வீரமாமுனிவருக்கு அவர் சொந்தக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயரைக் கேட்டதும் 'ஓகோ, அந்தப் பக்கத்து மனிதர்' என்று இத்தாலியர்கள் சொல்லிவிடுவார்கள். அபூர்வமான குடும்பப் பெயருக்கு உள்ள சௌகரியம் அது. ரோஸ்ஸி என்றால் எந்த ஊர் என்று கேட்க வேண்டும். பெஸ்கி என்றால் கேட்க வேண்டாம்.

இங்கே ஒரு கேள்வி எழும். இத்தாலியர்களுக்கு மட்டும் இப்படித் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டு வரும் பெயர் எப்படி வந்தது? நமக்கு ஏன் வரவில்லை?

அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். 'மோனாலிஸா' ஓவியத்தை எழுதிய லியனார்டோ டாவின்சியை எடுத்துக்கொள்ளுங்கள். டாவின்சி என்பது அவருடைய குடும்பப் பெயர் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 'டா வின்சி' என்றால் 'வின்சி என்ற ஊரைச் சேர்ந்த' என்று பொருள். அப்பாவின் பெயர் பியெரோ. அவருடைய முழுப் பெயர், பியெரோவின் மகனும் வின்சி ஊர்க்காரனுமான லியனார்டோ என்பதே. அவர் நெய்வேலியில் குடியிருந்தால் வாசல் பலகையில் என்ன எழுதியிருப்பார்கள்? 'வி. பி. லியனார்டோ' என்றுதான்! ஊர் ஓர் எழுத்து, அப்பா ஓர் எழுத்து.

பிறகு என்ன ஆயிற்று என்றால், எழுதி வைக்கிற பழக்கம் வந்தது. 1563-இல் முடிவடைந்த திரெந்து நகரத்துத் திருச்சபை மகாசபைக்குப் பிறகு, ஒவ்வொரு கோயிலிலும் ஞானஸ்நானப் புத்தகமும் கல்யாணப் புத்தகமும் ஒழுங்காக வைக்க வேண்டியதாயிற்று. புத்தகத்தில் எழுதுவதென்றால் 'இன்ன வீட்டு இன்னார்' என்று எழுத வேண்டாமா? அப்பா பெயரோ, ஊர்ப் பெயரோ, தொழிலோ, பட்டப் பெயரோ, அந்த வீட்டாரைக் கூப்பிட எது வழக்கமோ அது ஏட்டில் ஏறியது. ஏறினது இறங்கவில்லை. கொல்லர் வீட்டார் 'பெர்ராரி' என்று ஆனார்கள். பிறகு மகன் கொல்லுப் பட்டறையை விட்டுவிட்டு வக்கீலாகப் போனாலும் அவன் பெர்ராரிதான். செம்பட்டைத் தலை உள்ளவன் வீடு 'ரோஸ்ஸி'. பேரனுக்குக் கறுகறுவென்று முடி இருந்தாலும் ரோஸ்ஸி. பெயர்களின் கடைசியில் அடிக்கடி வருகிறதே ஓர் 'இ', அது அந்த மொழியில் பன்மைக்கு அடையாளம். பெர்ராரி என்றால் 'கொல்லர்கள்', ரோஸ்ஸி என்றால் 'சிவந்தவர்கள்'. நாம் 'மணியக்காரர் வீட்டார்' என்று சொல்வது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மனத்தை உறுத்துகிற பெயரும் உண்டு. நேபிள்ஸ் பக்கத்தில் 'எஸ்போஸிதோ' என்ற குடும்பப் பெயர் ஏராளம். வெளியே விடப்பட்டவன் என்று பொருள். பெற்றவள் வளர்க்க வழியில்லாமல் அநாதை விடுதி வாசலில் விட்டுவிட்டுப் போன குழந்தைகளுக்கு அந்தப் பெயரை எழுதினார்கள். குழந்தை வளர்ந்தது, கல்யாணம் செய்துகொண்டது, பிள்ளை பெற்றது. அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கும் அதே பெயர். என்றோ ஒரு ராத்திரி யாரோ ஒரு தாய் பட்ட கஷ்டம், நூறு நூறு வருஷமாகப் பள்ளிக்கூட ஆஜர்ப் பட்டியலில் வாசிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. குடும்பப் பெயர் என்பது சொத்து என்று நினைக்கிறோம். சுமையாகவும் ஆகும்.

சுமையாகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பெயருக்குப் பின்னால் நம்மவர்களுக்கும் ஒரு வால் இருந்தது. அது ஜாதியின் வால். 1929-ஆம் வருஷம் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மகாநாட்டில் அந்த வாலை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். மெல்ல மெல்லத் தமிழ்நாட்டில் அது வழக்கத்துக்கும் வந்துவிட்டது. பின்னால் இருந்தது போயிற்று. முன்னால் இருந்த எழுத்து நின்றது.

* * *

இத்தாலியிலிருந்து 1710-இல் கோவாவில் வந்து இறங்கி, மறு வருஷம் தமிழ்நாட்டுக்கு வந்த பெஸ்கி பாதிரியாருக்கு இங்கே முதலில் ஏற்பட்ட அநுபவமே பெயர் மாற்றம்தான். அவருடைய ஞானஸ்நானப் பெயர் கொஸ்தான்ஸோ. நிலை குலையாதவன், உறுதி உள்ளவன் என்று பொருள்படும். அதை மொழிபெயர்த்துத் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். குடும்பப் பெயரை? அதை மொழிபெயர்க்கவும் இல்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. தமிழ்நாட்டில் யாரும் கேட்காத ஒன்றை எதற்காகச் சொல்ல வேண்டும்? பிற்பாடு தைரியநாதர் என்ற வடமொழிப் பெயரும் தமிழாகி, வீரமாமுனிவர் ஆயிற்று. அவருக்கு முன்னால், 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்ற இன்னொரு இத்தாலியர் தத்துவ போதகர் ஆகிவிட்ட மாதிரிதான் இதுவும்.

கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய மாதா கோயில் இருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து முகாசாபரூர்ப் பக்கம் போக வேண்டும். அங்கே மாதாவுக்குப் பெயர் பெரியநாயகி. விருத்தாசலத்துச் சிவன் கோயிலில் அம்மனுக்கு விருத்தாம்பிகை என்றும், தமிழில் பெரியநாயகி என்றும் பெயர் என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பெயர் விஷயத்தில் முனிவருக்கு இருந்த காதுக் கூர்மையைப் பாருங்கள்! ஊரார் வாயில் ஏற்கெனவே பழகிய பெயரையே மாதாவுக்கும் வைத்துவிட்டார். கொள்ளிடக் கரைக்கு அருகே ஏலாக்குறிச்சியில் இன்னொரு கோயில். அந்த ஊரைத் திருக்காவலூர் என்று பாடினார். அங்கே மாதா அடைக்கல மாதா. தேம்பாவணி 1726-இல் முடிந்தது, 3,615 பாட்டுக்கள். அதில் வரும் ஆட்களின் பெயர்கள் எல்லாமே தமிழ் உடை உடுத்தியிருக்கும். சூசையப்பரே வளன் என்று ஆகிவிட்டார்.

இவ்வளவு பெயர்களைத் தமிழாக்கியவரின் சொந்தக் குடும்பப் பெயர், பிறகு எப்படித் தமிழர்கள் வாயில் நுழைந்தது? ஐரோப்பியர்கள் எழுதிய புத்தகங்களில் அவரை எப்போதும் பெஸ்கி என்றே குறிப்பிட்டார்கள். அந்தப் புத்தகங்களிலிருந்து நம் பாடப் புத்தகத்துக்கு வந்தது. கோயில்களில் குருமார் சொன்னார்கள். அவர்மேல் பக்தியும் அபிமானமும் கொண்ட குடும்பங்களில் பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். வீரமாமுனிவர் என்று குழந்தையைக் கூப்பிட முடியுமா? 'டேய், வீரமாமுனிவா, பால் குடி' என்றால் நன்றாக இருக்காது. பெஸ்கி இரண்டே தட்டில் வாயில் அடங்குகிறது. திண்டுக்கல்லில் யேசு சபையார் தங்கள் பயிற்சி இல்லத்துக்கும் பெஸ்கியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். துறவியாக வாழ்ந்து 1747-இல் மறைந்தவர் அவர். அவருக்குச் சந்ததி கிடையாது. ஆனால் அவர் வீட்டுப் பெயரைச் சுமந்துகொண்டு தென்னார்க்காட்டிலும் திருச்சி ஜில்லாவிலும் பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தன.

இன்னொரு வேடிக்கையும் இதில் இருக்கிறது. பழைய ஓலைச் சுவடிகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் உருவம் ஒன்றே. குறிலுக்கு மேலே ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஓலையில் புள்ளி குத்தினால் பொத்துக்கொள்ளும் என்று எழுதுகிறவர்கள் பல சமயம் விட்டுவிடுவார்கள். அப்புறம் அது தென்னா, தேனா என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். ஒகரமும் அப்படியே, கொடையா, கோடையா என்று திண்டாட்டம். இந்தத் திண்டாட்டத்தைத் தீர்த்தவர் நம் முனிவர். ஒற்றைக் கொம்பு குறில், இரட்டைக் கொம்பு நெடில் என்று அவர் செய்த திருத்தத்தைத்தான் நாம் இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறோம். பெயருக்கு முன்னால் 'பெ.' என்று ஒருவன் போட்டுக்கொள்ளும்போது, அது 'பே.' இல்லை, 'பெ.' தான் என்று தெரிவதே அவரால்தான்.

பெஸ்கி தனி ஆள் என்று எண்ணிவிடாதீர்கள். இத்தாலியக் குடும்பப் பெயர்கள் பல இப்படி நம் பிள்ளைகளுக்குச் செல்லப் பெயராக வந்திருக்கின்றன. ஜான் போஸ்கோ என்று எத்தனை பேர்! போஸ்கோ என்பது அந்தப் பாதிரியாருடைய குடும்பப் பெயர். 'காடு' என்று அர்த்தம். அவர் ஏற்படுத்திய சலேசிய சபையார் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். பின்னாலேயே பெயரும் வந்துவிட்டது. சாவியோ என்ற பெயரும் அப்படித்தான். அதற்கு 'அறிவாளி' என்று பொருள். மரிய கொரெட்டி என்று பெண்களுக்கு வைக்கிறார்களே, அந்தக் கொரெட்டியும் ஓர் ஏழை விவசாயி வீட்டின் குடும்பப் பெயர். மானத்தைக் காத்துக்கொள்ளப் போராடிப் பதினொரு வயதில் உயிரை விட்ட பெண் அவள். அது நடந்தது 1902-இல். 1950-இல் அவளுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெற்ற தாய் உயிரோடிருந்து அந்த வைபவத்தைப் பார்த்தாள். எந்தத் தாய்க்குக் கிடைக்கும், எந்தத் தாய் வேண்டிக்கொள்வாள் அப்படி ஒரு பாக்கியத்தை?

சவேரியார் பெயர் இன்னும் தூரத்திலிருந்து வந்தது. அது ஆள் பெயர் அல்ல, குடும்பப் பெயர் கூட அல்ல, ஸ்பெயின் தேசத்தில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்கு மொழியில் 'புது வீடு' என்று பொருளாம். நம் ஊர்ச் சவரிமுத்துக்களுக்கும் சேவியர்களுக்கும் 'புது வீடு' என்று பெயர் வைத்திருக்கிறோம்!

இது கிறிஸ்தவ வீடுகளில் மட்டும் நடந்த காரியமும் அல்ல. காந்தி என்பது குஜராத்தில் குடும்பப் பெயர். மளிகை, வாசனைச் சரக்கு விற்கிறவர்களைக் குறிக்கும். தமிழ்நாட்டில் அது பிள்ளைக்கும் பெண்ணுக்கும் வைக்கிற பெயர். நேரு என்ற குடும்பப் பெயர் கால்வாயைக் குறிக்கும் 'நஹர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. இங்கே அது ஆள் பெயர். போஸும் அப்படியே. குடும்பப் பெயர் என்ற சரக்கு நம்மிடம் இல்லை. ஆகவே வெளியிலிருந்து எந்தப் பெரியவருடைய குடும்பப் பெயர் வந்தாலும், அது அவருடைய சொந்தப் பெயர் என்றே எடுத்துக்கொண்டு, தொட்டிலில் போட்டுத் தாலாட்டிவிடுகிறோம். பாட்டியம்மாள் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொன்னது இதனால்தான். இத்தாலியில் அது குடும்பப் பெயர். கோணான்குப்பம் பக்கத்தில் அது ஆள் பெயர்.

ஆனால் தொட்டிலோடு கதை முடிவதில்லை. பெஸ்கி என்று பெயர் வைத்த பிள்ளை பெரியவனாகி, அவனுக்குக் குழந்தைகள் பிறந்ததும், பெஸ்கி சுருங்கி 'பெ.' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'பி.' என்று இருந்தது. இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டதால், சர்க்கார் காகிதங்களில் இப்போது 'பெ.' என்றே எழுதலாம். பேரப் பிள்ளைகளின் தலைமுறையில் அந்த எழுத்தும் போய், வேறோர் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு தலைமுறை பெயராக, அடுத்த தலைமுறை எழுத்தாக, அப்புறம் ஒன்றுமில்லை. இத்தாலியில் பல நூறு வருஷம் நிற்கிற பெயர் நம்மிடம் அறுபது எழுபது வருஷத்தில் கரைந்துபோகிறது. பாட்டிமார்கள் 'தாத்தா பெயர்' என்று பேரனுக்கு அதையே மறுபடி வைக்கச் சொல்லி அடம் பிடிப்பது, கரைகிறதைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தத்தான் போலும்.

எதிர் வீட்டுக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்பீர்கள். பெஸ்கிதான். பாட்டி அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிடவில்லை. அப்புறம் எந்த மருமகள் எதிர்த்துப் பேசுவாள்? ஆனால் மருமகள் என்னிடம் தனியாக ஒன்று கேட்டாள். "அக்கா, பையனுக்கு வைத்தால் அது ஒரு எழுத்தாகவாவது அவன் பிள்ளைக்குப் போகும். பெண் குழந்தை பிறந்து கொரெட்டி என்று வைத்திருந்தால்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கேள்வி சரியான கேள்வி. பெண்ணின் பெயர் யாருக்கும் இனிஷியலாக ஆவதில்லை. அதோடு, அவள் தன் பெயருக்கு முன்னால் இருபது இருபத்தைந்து வருஷம் சுமந்த அப்பாவின் எழுத்தைக் கல்யாணத்தன்று கழற்றி வைத்துவிட்டுக் கணவன் எழுத்தை மாட்டிக்கொள்கிறாள். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, ரேஷன் கார்டில் ஓர் எழுத்து. 'இரண்டும் நான்தான்' என்று வக்கீலிடம் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கியவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் எத்தனை பேர் இருப்பீர்கள்!

இத்தாலியப் பெண்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டுப் பெயர் அவர்களை விட்டுப் போவதில்லை. 1975-இல் வந்த குடும்பச் சட்டப்படி கணவனின் பெயர் அதோடு கூடச் சேருமே தவிர, அதன் இடத்தைப் பிடிப்பதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு மாத்திரம் அப்பாவின் பெயர்தான் என்று இருந்தது. 2022-இல் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. இப்போது அம்மா பெயர், அப்பா பெயர் இரண்டும் சேரும். எது முன்னே என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளலாம். ஒரே பெயர் போதும் என்று இருவரும் ஒப்புக்கொண்டால் அப்படியும் செய்யலாம். நம் பக்கத்திலும் அம்மா எழுத்து, அப்பா எழுத்து என்று இரண்டையும் போடுகிறவர்களை இப்போது பார்க்கிறோம். எதிர் வீட்டு மருமகளிடம் அதைச் சொன்னேன். "இவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள். ஏன் கேட்க வேண்டும், சொன்னால் போதாதா என்று என் நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவளிடம் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவைத்தேன். வெளிநாடு போகிறதென்றால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒற்றை எழுத்தை அங்கே எழுதினால் செல்லாது. விரித்து எழுத வேண்டும். நம்மவர்கள் பலர் அப்பா பெயரை முழுசாக அந்தக் கட்டத்தில் நிரப்பிவிடுகிறார்கள். அங்கே போய் இறங்கினால் மகளை அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நாம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறோம்.

இன்றைக்குத் தொட்டிலில் கிடக்கிற இந்தப் பெஸ்கிக்கு ஒரு காலத்தில் ஒரு மகள் பிறந்து, அவள் மேல்படிப்புக்காக மிலான் நகரத்து விமான நிலையத்தில் இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தியோகஸ்தர் பாஸ்போர்ட்டைப் பிரிப்பார். குடும்பப் பெயர்: பெஸ்கி. கண்ணாடியை மூக்கில் சரி செய்துகொண்டு அவளை ஏற இறங்கப் பார்ப்பார். "பெஸ்கியா? எந்த ஊர், பிரெஷாவா, மாண்டுவாவா?" என்பார்.

"விருத்தாசலம்" என்பாள் பெண்.